நான்கு பூஜ்யங்கள்

பச்சைக் குழந்தைகள் வார்டில் அந்த நர்ஸுக்குப் பெயர் 'எக்ஸ்ரே'. யார் வைத்தார்களோ, ஒட்டிக்கொண்டது. குழந்தையின் முகத்தைப் பார்த்து இது பசி, இது ஈரம், இது வலி என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருடமாக இதே வேலை. முகங்களைக் கரைத்துக் குடித்தவள். அந்தப் பெருமையும் அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. பெரிய டாக்டரே வந்து "எக்ஸ்ரே என்ன சொல்லுது?" என்று கேட்டால் யாருக்குத்தான் தலை கனக்காது?

வலிக்கென்று ஒரு தாள் இருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு விஷயம் பார்க்க வேண்டும்: புருவங்களுக்கு நடுவே புடைப்பு, இறுகிய கண், மூக்கோரத்திலிருந்து உதட்டோரம் இறங்கும் மடிப்பு, திறந்த வாய். இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். கூட்டினால் இரண்டோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரைக் கூப்பிட்டு மருந்து வாங்கலாம். தாளைத் தயாரித்த புண்ணியவான் 'தெரியவில்லை' என்று எழுத ஒரு கட்டம் விடவில்லை. அதனால் தெரியாததற்கெல்லாம் பூஜ்யம் போடுவது வார்டில் வழக்கமாகிவிட்டது. அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

மூன்றாம் கண்ணாடிப் பெட்டிக்காரன் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். உலகத்துக்கு வந்து ஒன்பது நாள். மூச்சுக் குழாயைப் பிடித்து நிறுத்த வாயை மறைத்து இரண்டு கன்னத்துக்கும் பிளாஸ்திரி. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு, அதற்காகக் கண்ணுக்குத் துணிக்கட்டு. உடம்புச் சூடு போகாமலிருக்கப் புருவம் வரை குல்லா. முகம் என்று சொல்ல மூக்கு நுனிதான் மிச்சம். குழாய் தொண்டைக்குள் இருப்பதால் அழுதாலும் சத்தம் வராது.

காலை ஒன்பது மணிக்கு எக்ஸ்ரே தாளோடு வந்தபோது, அவன் அம்மா வயிற்றுத் தையலைக் கையால் தாங்கியபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"சிஸ்டர், இவனுக்கு எங்கேயோ வலிக்குது."

"எதை வெச்சும்மா சொல்றீங்க?"

"கால் விரலை விரிச்சு விரிச்சு வெக்கிறான். நேத்து அப்படிச் செய்யலை."

எக்ஸ்ரேவுக்குச் சிரிப்பு வந்தது. "விரலை விரிச்சா வலியா? நல்லாத் தூங்கறான். நான் பார்க்காத முகமா?" என்று சொல்லிக்கொண்டே நான்கு பூஜ்யம் போட்டாள். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. விளக்குச் சூடாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள். அவள் கையில் இன்னும் ஐந்து பெட்டிகள் இருந்தன.

பதினோரு மணிக்கு அம்மா மறுபடி அவளைத் தேடி வந்தாள். "கண்ணுத் துணியை மட்டும் எடுத்து ஒரு தடவை பாருங்களேன், சிஸ்டர்."

"விளக்கு எரியறப்ப எடுக்கக் கூடாதும்மா."

"ஒரு நிமிஷம் அணைக்க முடியாதா?"

முடியும். ரத்தம் எடுக்கும்போதெல்லாம் அணைக்கிறவள்தான். ஆனால் பெற்றவள் பயத்துக்கெல்லாம் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தால் வேலை நடந்தாற்போலத்தான். "பயத்துல உங்களுக்கு எல்லாமே வலியாத் தெரியுது. போய் ஏதாவது சாப்பிடுங்க" என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னாள். அம்மா சாப்பிடப் போகவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை.

ஒரு மணிக்கும் நான்கு பூஜ்யம்.

ஒன்றரை மணிக்கு ரத்தம் எடுக்க எக்ஸ்ரே விளக்கை அணைத்தாள். குல்லாவைத் தூக்கிவிட்டுக் கண் துணியைக் கழற்றினாள். புருவங்களுக்கு நடுவே பட்டாணி அளவுக்குத் தசை புடைத்திருந்தது. கண்கள் உள்ளே போய்விட்டாற்போல இறுகியிருந்தன. பிளாஸ்திரியின் ஓரத்தை மெல்ல உயர்த்தினாள். அடியில் மடிப்பு ஆழமாக இறங்கியிருந்தது. குழாயைச் சுற்றி வாய் அகலத் திறந்திருந்தது. அவன் கத்திக்கொண்டிருந்தான். ஊசி இன்னும் அவனைத் தொடவே இல்லை.

நீல வெளிச்சம் இல்லாமல் இப்போதுதான் வயிற்றைப் பார்த்தாள், தொட்டாள். பளபளவென்று கல்லாக இருந்தது.

டாக்டர் ஓடிவந்தார். படம் எடுத்தார்கள். குடல் கிழிந்திருந்தது. அறுவை டாக்டர் பெட்டிக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு முடியாது என்று தலையை ஆட்டினார். எண்ணூறு கிராம் உடம்பு கத்தியைத் தாங்காது. இனி வலியைக் குறைப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதற்கில்லை.

"காலையிலேயே பார்த்திருந்தா, டாக்டர்?" என்று எக்ஸ்ரே கேட்டாள்.

டாக்டர் நல்ல மனிதர், பொய் சொல்ல வராது. "காலையிலேயே பார்த்திருந்தாலும் பிழைச்சிருக்க மாட்டான், சிஸ்டர்." சற்று நேரம் தாளைப் புரட்டினார். "மருந்து குடுத்திருக்கலாம். அந்த நாலரை மணி நேரத்துக்கு."

மருந்து ஏறியது. புடைப்பு கரைந்தது, கண்கள் தளர்ந்தன. எக்ஸ்ரே எண்ணெய் தொட்டுப் பிளாஸ்திரியை நூல் நூலாக உரித்தாள். தோல் உரிந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். டாக்டர் குழாயை எடுத்தார். ஒன்பது நாளில் முதல் தடவையாக முகம் முழுசாகத் தெரிந்தது. அப்பாவின் மோவாய். அந்த அப்பா பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார். அவர் வருவதற்குள் முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

குழந்தையை அம்மாவின் மார்பில் வைத்தார்கள்.

"இப்ப வலிக்கலையே, சிஸ்டர்? நீங்க பார்த்துச் சொல்லுங்க. எனக்குப் பயத்துல எல்லாமே வலியாத் தெரியும்."

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிக் கேட்டாள். அதுதான் எக்ஸ்ரேவால் தாங்க முடியவில்லை. குழந்தையின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அது வழவழவென்று இருந்தது. வலி போயிற்றா, வலியைக் காட்டத் தெம்பு போயிற்றா என்று பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அவளுக்குத் தெரியவில்லை.

"வலிக்கலைம்மா."

அம்மா தலையசைத்தாள். எக்ஸ்ரே நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் சுருக்கம் இல்லை. கண் இறுகவில்லை. உதட்டோரத்தில் மடிப்பு இல்லை. வாய் மூடியிருந்தது. தாளில் போட்டால் நான்கும் பூஜ்யம்தான்.