பதிவேற்றிய ஆசனங்கள்

நான் ஓர் ஆசனத்தை வீடியோ எடுத்துப் போட்டால் மறுநாள் அது என் உடம்பில் இருக்காது. பார்த்தவர்களிடம் போய்விடும். இது முதல் வீடியோவிலேயே தெரிந்துவிட்டது.

என் பெயர் பூங்கோதை. கோவை வடவள்ளியில், ஒரு மாவு மில்லுக்கு மேலே இருக்கும் ஹாலில் யோகா வகுப்பு நடத்துகிறேன். அப்போது என்னிடம் மூன்று பேர் படித்தார்கள். அதில் இருவர் மழை பெய்தால் வர மாட்டார்கள். ஹாலைக் காலி செய்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கடையில் விளம்பர வேலை செய்யும் இன்பரசு மேலே வந்தார்.

“அக்கா, நீங்க இருக்கறதே யாருக்குந் தெரியலைங்க. ரீல்ஸ் போடோணும்.”

“எதைப் போடறது?”

“மரமாட்ட ஒத்தக் கால்ல நிப்பீங்கல்ல. அதப் போடுங்க.”

போட்டோம். மறுநாள் வகுப்பில் விருட்சாசனத்துக்காகக் காலைத் தூக்கினேன். வரவில்லை. வலி இல்லை. பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளவும் இல்லை. நடக்க முடிந்தது, படியேற முடிந்தது. அந்த ஆசனம் மட்டும்தான் இல்லை.

முன்னால் நின்றிருந்த தெய்வானை என்னைப் பார்த்தார். அவர் தையல் யூனிட்டில் வேலை செய்பவர். குனிந்து தைத்துத் தைத்து முதுகு வளைந்துவிட்டது. நிமிர வேண்டும் என்பதற்காகவே என்னிடம் சேர்ந்தவர்.

“என்னாச்சுங்க டீச்சர்?”

“நேத்து நெட்ல போட்டுட்டேன்.”

“அப்பச் சரிங்க,” என்றார்.

வீடியோவுக்குக் கீழே நன்றிகள் வந்திருந்தன. தேனியிலிருந்து ஒருவர் ‘மரம் வந்து சேர்ந்தது’ என்று எழுதியிருந்தார். மஸ்கட்டிலிருந்து ஒருவர், மரம் இடது பக்கம் கொஞ்சம் சாய்வாக வந்திருப்பதாகக் குறைப்பட்டிருந்தார். எனக்கு அந்தப் பக்கம் எப்போதுமே சாயும். வருத்தம் தெரிவித்தேன்.

வகுப்புக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அதனால் திரிகோணாசனத்தைப் போட்டோம். பிறகு தனுராசனம். சர்வாங்காசனம் போன அன்று மட்டும் சாப்பிடப் பிடிக்கவில்லை. அதைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மறுநாள் காலை பால் காய்வதற்குள் அது போய்விட்டது.

ஆட்கள் சேரச் சேர ஹால் நீண்டது. பின்சுவர் தள்ளித் தள்ளிப் போனது. கீழே மாவு மில் பழைய அளவிலேயே இருந்தது. கடைசி வரிசைக்குப் போக ஆட்டோ பிடித்தேன். ஹாலுக்குள்ளேயே போவதால் மீட்டர் போட முடியாது என்றார் ஓட்டுநர். பாதி வழியில் ஒரு பேக்கரி வந்திருந்தது. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். எல்லோருக்கும் என் ஆசனங்கள் நன்றாக வந்தன. யாருக்கும் என்னிடம் கேட்க எதுவும் இல்லை. படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஹால் நிறைந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் புஜங்காசனம் ஒன்றுதான் மிஞ்சியது. நான் வீடியோ போடாமல் இருந்தேன். இன்பரசு வந்தார்.

“அக்கா, ஆளுக கழண்டுக்கறாங்க. ஹால் சுருங்குதுங்க.”

உண்மைதான். பின்சுவர் முன்னால் வந்து பேக்கரியை இடித்துக்கொண்டு நின்றது.

“பாம்பு ஆசனம் ஒண்ணு பாக்கி இருக்குதுல்லங்க?”

“அது தெய்வானைக்கு. அவங்க இன்னும் பாதிதான் ஏறியிருக்காங்க.”

“அவங்களும் நெட்ல பாத்துக்கட்டுமே.”

தெய்வானையைக் கேட்டேன். “எங்கிட்ட பட்டன் போன்தானுங்க,” என்றார்.

இன்பரசு சற்று யோசித்தார். “அப்ப மூச்சப் போடுங்க. நல்லாப் போகும்.”

“எனக்கு?”

“கொஞ்சமாப் போட்டாப் போதுங்க்கா.”

அவர் கெட்டவர் இல்லை. என் ஹாலுக்காகத்தான் சொன்னார். சரி என்றேன்.

மறுநாள் காலை போனை ஸ்டாண்டில் வைத்து என் முகத்துக்கு நேராகத் திருப்பினார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் போனை எடுத்து என்னைப் பார்த்தார்கள். நான் எதிரில்தான் இருந்தேன்.

“லைவ் ஓடுதுங்க்கா.”

மூச்சை இழுத்தேன். வெளியே விட்டால் போய்விடும். அப்போது முன்வரிசையிலிருந்து குரல் வந்தது.

“டீச்சர், கைய எங்கீங்க வெக்கறது?”

தெய்வானை குப்புறப் படுத்திருந்தார். இதைத் தினமும் கேட்பார். தினமும் சொல்வேன். அன்றைக்கு அந்த ஹாலில் என்னிடம் ஒன்றைக் கேட்டவர் அவர் மட்டும்தான்.

எழுந்தபோது கை போனில் பட்டது. அதை மேற்குச் சுவர் பக்கம் திருப்பிவிட்டு அவரிடம் போனேன்.

“நெஞ்சுக்குப் பக்கத்துல. முழங்கை வெளிய போகக் கூடாது.”

இன்பரசு போன் பக்கம் குனிந்தார். திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அக்கா, சுவரு நல்லாப் போகுதுங்க. என்ன பெயின்ட்டுன்னு கேக்கறாங்க.”

நான் தெய்வானைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தேன். உள்ளங்கையை ஊன்றி எழும்பினேன். புஜங்காசனம் இருந்தது. அவரும் எழும்பினார். நேற்றைவிடச் சற்று அதிகம்.

லைவ் என்பதால் மறுநாள் வரை ஆகவில்லை. சுவர் அப்போதே போய்விட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுவரை வாங்கிக்கொண்டு, பாயைச் சுருட்டி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள். பேக்கரிக்காரர் பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றினார். ஹால் பழைய நீளத்துக்கு வந்தது. இன்பரசு ஸ்டாண்டை மடக்கினார்.

சுவர் இருந்த இடத்தில் மருதமலை இருந்தது. காற்று உள்ளே வந்தது.

தெய்வானை இறங்கவில்லை. கழுத்து நடுங்கிக்கொண்டிருந்தது. “மலை முழுசாத் தெரியுதுங்க,” என்றார்.

“மூச்ச விட்டுட்டு மெதுவா எறங்குங்க.”

விட்டார். நானும் விட்டேன். எங்கேயும் போகவில்லை. திரும்ப இழுத்தபோது வந்தது.

“இன்னொருக்கா ஏறட்டுங்களா?” என்றார்.

அவர் முழங்கையை உள்ளே தள்ளி வைத்தேன்.

“ஏறுங்க.”