பெருவிரல் முதலில்

பொன்னேரி சாலையில் இருக்கும் அந்த இறால் கம்பெனியில் ஆளெடுப்பது முன்பெல்லாம் நாள் முழுக்க இழுக்கும். முதலில் இறால் உரித்துக் காட்ட வேண்டும். பிறகு நேர்காணல், டாக்டர். கடைசியில்தான் வருகைப்பதிவு மிஷினில் பெருவிரல் ரேகை. அது பதியாவிட்டாலும், உரித்த வேகத்தைப் பார்த்திருந்த சூப்பர்வைசர், "பரவால்ல, கையெழுத்துல ஓட்டிக்கலாம்" என்று சேர்த்துக்கொள்வார்.

ஆளெடுக்கும் பிரிவுக்குப் புதிதாக வந்த எப்சிபாவுக்கு இந்த வரிசை உறுத்தியது. கார் தொழிற்சாலைகளின் பாடமொன்றைப் பயிற்சியில் படித்திருந்தாள். மதிப்பைக் கூட்டாத எல்லாமே வீண். காத்திருப்பு பெரிய வீண். பழுதைக் கடைசிவரை ஓடவிடாமல் முதல் படியிலேயே பிடித்துவிட்டால், நடுவிலுள்ள உழைப்பெல்லாம் மிச்சம். சாம்பார் கொதித்தபின் கத்தரிக்காய் சொத்தையா என்று பார்ப்பவர் உண்டா? ரேகையை வாசலுக்குக் கொண்டுவந்தாள்; அது பதிந்தால்தான் அடுத்த படி. மேனேஜர் பொன்னுரங்கத்துக்கு ஏக சந்தோஷம்.

புது முறை தொடங்கிய நாளில் ஜமுனா வரிசையில் நின்றாள். எப்சிபாவின் ஊர்க்காரி. கடலோர உப்பேரித் தண்ணீரில் குந்தி நகர்ந்தபடி, இறாலைப் போடும் ஓலைக் கூடையான பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பவள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்ததிலிருந்து பறி காலியாகத்தான் கரையேறுகிறது. மகள் கஸ்தூரியின் கல்லூரிப் படிப்பு நிற்காமலிருக்க இந்த வேலை கிடைத்தாக வேண்டும்.

"இன்னாடி எப்சி, ஆபீசரம்மா ஆயிட்ட, என்ன தெரியுதா?"

"கிண்டலா? கட்டவெரல வையிக்கா."

சிவப்பு விளக்கு எரிந்தது. ஜமுனா விரலை முந்தானையில் துடைத்தாள், தலையெண்ணெயில் தேய்த்தாள், மறுபடி வைத்தாள். சிவப்பு.

எப்சிபா அந்த விரலைத் திருப்பிப் பார்த்தாள். சேறும் கிளிஞ்சலும் இறால் கொம்பும் வருஷக்கணக்காய் அரைத்து, கூழாங்கல்லாய் வழவழத்திருந்தது.

"ரேஷன் கடையிலயும் இதே ரோதனதான். அவன் என் மூஞ்சப் பாத்து அரிசி போட்டுடுவான். நீயும் என் மூஞ்சப் பாரேன்."

எப்சிபா மேனேஜரிடம் ஓடினாள். "சார், ஒரு தட்டு இறால் குடுத்துப் பாருங்க. அந்தக்கா மாதிரி உரிக்க இங்க ஆளில்ல."

"ஒருத்தருக்காக நிறுத்தினா பின்னாடி நிக்கிறவங்க காத்திருக்கணும்மா. அது வீண்னு எனக்கே பாடம் எடுத்தியே?" கோபமில்லாமல்தான் சொன்னார். "மேலிடத்துல உன் யோசனைக்கு இப்பவே நல்ல பேரு. கெடுத்துக்காத."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பழைய வரிசையில் ரேகை தோற்கும் நேரத்துக்குள், யாரோ ஒருவர் அந்தக் கையின் வேலையைக் கண்ணால் பார்த்திருந்தார். வீண் என்று அவள் வெட்டியது அந்தப் பார்வையைத்தான்.

வாசலுக்குத் திரும்பியபோது, ஏரியில் இறங்கும் மற்ற பெண்கள் தங்கள் விரல்களைப் பார்த்தபடி கலைந்துகொண்டிருந்தார்கள். ஜமுனா மட்டும் நின்றாள்.

"ஏரியில எறங்காத கையின்னா மிஷினு ஏத்துக்குமா?"

"ஏத்துக்கும்க்கா."

"கஸ்தூரிய நான் எறக்கினதே இல்ல."

"அவ படிக்கட்டும்க்கா!"

"படிப்ப அடுப்புல வச்சா ஒல பொங்குமா? வழி இருந்தா சொல்லு, கேக்கறேன்."



திங்கட்கிழமை கஸ்தூரி வந்தாள். கல்லூரிப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு விரலை நீட்டினாள். பச்சை விளக்கு உடனே எரிந்தது. அவள் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை.