நூறாவது விவசாயி

சட்டம் என்பது யாரோ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுவது. உழைக்கிறவர்களில் நாலில் ஒருவராவது பயிர் செய்தால் அது கிராமம். ஒரு ஆள் குறைந்தாலும் நகராட்சி. ரோடு இருக்கிறதா, சாக்கடை இருக்கிறதா என்றெல்லாம் அந்தச் சட்டம் கேட்காது.

கிராம அலுவலக எழுத்தர் அதைப் படித்ததுமே ஊரில் தலைகளை எண்ண ஆரம்பித்தார். ஊர் நகராட்சியாகிவிட்டால் அந்த அலுவலகத்துக்குப் பூட்டு, அவர் வேலைக்கும் பூட்டு. உழைக்கிறவர்கள் நானூறு பேர். அதில் பயிர் செய்பவர்கள் எண்ணி அறுபத்திரண்டு. நூறு வேண்டும்; கணக்கெடுக்க அதிகாரியம்மா வர ஒரு வாரம்தான் இருந்தது.

மனிதர் சும்மா இருப்பாரா? காலில் விழாத குறையாகக் கெஞ்சி, முப்பத்தெட்டு பேர் தலையில் ஆளுக்கொரு தக்காளிச் செடியைக் கட்டினார். தையல்காரர் மெஷினுக்குப் பக்கத்தில் தொட்டி வைத்தார். டாக்ஸி ஓட்டுபவர் டிக்கியிலேயே மண்ணைக் கொட்டி நட்டுவிட்டார்.

அதிகாரியம்மா முதலில் நுழைந்தது சலூனுக்குள். சலூன்காரர் எழுத்தரின் மைத்துனர். ஒரு தலையைப் பாதி வெட்டிய நிலையில் நின்றிருந்தார்.

"என்ன தொழில்?"

"விவசாயங்க."

"கையில கத்திரிக்கோல் இருக்கே?"

"அறுவடை நடக்குதுங்க."

"அப்ப நாற்காலியில இருக்கிறவரு?"

"நிலமுங்க. மாசத்துக்கு ஒரு போகம்."

அதிகாரியம்மா சிரிக்கவில்லை, அப்படியே எழுதிக்கொண்டார். சொன்னதை எழுதுவதுதான் அவர் உத்தியோகம். நம்புவதற்கு வேறு யாராவது இருப்பார்கள்.

தெருத்தெருவாக அலைந்துவிட்டு, பின்மதியம் கிராம அலுவலகத்துக்கு வந்து கூட்டினார்.

"தொண்ணூத்தொம்பது. ஒருத்தர் குறையுது. நகராட்சிதான்."

தபால்காரர் பழக்கதோஷத்தில் 'தபால்' என்று சொல்லித் தொலைத்திருந்தார். எழுத்தர் தன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். இருபத்திரண்டு வருஷ உத்தியோகம் ஒரு தபால்காரர் வாயால் போவதா?

"மேடம், என்னைக் கேக்கவே இல்லையே!"

"சரி, உங்களுக்கு என்ன தொழில்?"

"விவசாயம்!" ஜன்னலில் இருந்த தொட்டியைக் காட்டினார்.

"ஒருத்தருக்கு ஒரு தொழில்தான் எழுத முடியும். யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு மேடம்? விவசாயம்தான். சத்தியமா."

அதிகாரியம்மா எழுதி, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தினார். நூறு. கிராமம்.

"மாமா, ஜெயிச்சுட்டோம்!" என்று வாசலில் நின்ற மைத்துனர் கத்தினார். எழுத்தர் அழுதேவிட்டார். இப்படி ஒரு சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அதிகாரியம்மா பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார்.

"கிராமம்னா எழுத்தர் ஒருத்தர் இருந்தே ஆகணும். இங்க யாரும் இல்ல. காலியிடம் ஒண்ணுன்னு போட்டுக்கிறேன்" என்றபடியே எழுதினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் எந்திரிங்க ஐயா. அது எழுத்தர் நாற்காலி."