தணிகா பிடித்த ஏரி

மார்கழி இருபத்தாறாம் தேதி காலை பத்தரை மணிக்கு, அம்மையார்குப்பத்து ஏரியை நாலு வயதுப் பெண் ஒருத்தி தூண்டில் போட்டுப் பிடித்தாள். பெயர் தணிகா. திருத்தணியில் மொட்டை போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, தலை இன்னும் சொரசொரவென்று இருந்தது. அவள் அப்பா பிரேம்குமார் விசைத்தறி ஓட்டுகிறவன். அன்றைக்கு அவன் தறியில் பாவு நூல் தீர்ந்துவிட்டது, புதுப் பாவு மறுநாள்தான் வரும் என்றார்கள். தறி நிற்கிற நாளில் மீன் பிடிக்கக் கூட்டிப் போகிறேன் என்று ஆடி மாதத்திலிருந்து சொல்லிவந்த வாக்கை இனியும் தட்டிக்கழிக்க முடியாது. மூங்கில் குச்சியில் நைலான் நரம்பைத் தறிக்காரன் முடிச்சாகப் போட்டான். அந்த முடிச்சு அறுத்தாலொழிய அவிழாது. மண்புழுவைக் கோத்துக் கொடுத்து, "நீ புடிச்சத நீயேதான் வூட்டுக்கு எடுத்துகினு வரணும், சரியா?" என்றான். "ஆங்" என்றாள்.

மீன் கடிக்கவில்லை. முள் தண்ணீரின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. குழந்தை குச்சியைத் தூக்கினாள், ஏரி படுகையை விட்டு எழுந்து அவள் பின்னால் வந்தது. பிரேம்குமார் பதறிப்போய்க் குச்சியை வாங்கினான். வாங்கிய கணமே தோள்பட்டை இறங்கிவிட்டது, அவ்வளவு கனம். அவள் கையிலோ அது வெறும் குச்சிதான். "நான்தான் புடிச்சேன்" என்று பிடுங்கிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தாள். சொன்ன சொல் சொன்னதுதான் என்று அவனும் கூடவே நடந்தான். மதகடியில் ஊறிக்கொண்டிருந்த இரண்டு எருமைகளும் தண்ணீரோடு வந்தன. தெருவுக்குள் நுழைந்ததும் ஏரி தன்னை ஒடுக்கிக்கொண்டு இடுப்பளவு உயரத்தில் வந்தது. ஒரு வீட்டுக் கோலம்கூட நனையவில்லை. அந்த அடக்கத்தை ஊரார் இன்றைக்கும் மெச்சுகிறார்கள்.

வாசலுக்கு வந்த நிர்மலா, புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். "மீனு புடிச்சிகினு வாங்கன்னா ஏரியவே இட்டுகினு வந்துகீறீங்க. இத்த எந்தச் சட்டில கொழம்பு வைக்கிறது?"

ஒரு கிலோமீட்டர் நடந்த களைப்பு. அம்மாவிடம் காட்டியாயிற்று என்ற நிம்மதியும் சேர்ந்துகொள்ள, அப்பாவின் தோளில் ஏறிய தணிகா அப்படியே தூங்கிப்போனாள். குச்சியைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. அப்போதுதான் துளசிங்கம் பைக்கில் வந்து சேர்ந்தார். அந்த ஏரியை நம்பி நெல் வைத்திருப்பவர். "கதிரு பால் புடிக்கிற நேரம்பா. இன்னிக்கு மடையில தண்ணி வரலன்னா அத்தினியும் பதராப் பூடும்" என்றார். குழந்தையை எழுப்பினால் திடுக்கிட்டுக் குச்சியை விடுவாள், விட்டால் தெருவே முழுகும். தூக்கம் கலையாமல் அவளைக் கரைவரை சுமந்துபோவது ஒன்றுதான் வழி. அங்கேதான் ஊர் ஒரு தப்பு செய்தது. பாவம், குழந்தை நன்றாகத் தூங்கட்டும் என்று, கரண்ட் போனால் தவிர ஒருசேர நின்றறியாத தறிகளை வீட்டுக்கு வீடு நிறுத்தினார்கள்.

தணிகா புரண்டாள். பிறந்த நாளிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கிய குழந்தை, சத்தம் நின்றால் அவளுக்குத் தூக்கம் போய்விடும். சுண்டுவிரல் விரிந்தது. அடுத்து மோதிர விரல். ஏரி லேசாகத் தளும்பி ஒரு வீட்டு வாசற்படியை நனைத்தது. பிரேம்குமார் சத்தம் போட்டால் முழுசாக விழித்துவிடுவாள். தறிக்கூடத்து இரைச்சலில் ஒருவருக்கொருவர் கையால் பேசிக்கொள்வார்களே, அதுபோலக் கையை உயர்த்தி உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஓட்டிக் காட்டினான். தெரு முழுக்கப் புரிந்துகொண்டது. தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. விரல்கள் பழையபடி மூடிக்கொண்டன.

கடைசி வீடு தாண்டியதும் சத்தம் தேய்ந்தது. கரைக்கு இன்னும் அரைக் கிலோமீட்டர் இருந்தது. பிரேம்குமார் குழந்தையின் காதோரம் வாயாலேயே தறி ஓட்ட ஆரம்பித்தான், டடக்கு டடக்கு என்று. நிர்மலாவும் சேர்ந்துகொண்டாள். தறிச் சத்தத்தைக் காலமெல்லாம் திட்டிக்கொண்டிருந்த துளசிங்கமும் தாளம் தப்பித் தப்பி ஓட்டினார். பிரேம்குமாருக்கு நாக்கு வறண்டது. ஒரு ஏரித் தண்ணீர் குதிகாலை உரசிக்கொண்டு வந்தும், குனிந்து ஒரு வாய் அள்ளினால் சத்தம் நின்றுவிடுமே என்று அவன் குடிக்கவில்லை. அப்பன் என்றால் அவனல்லவா அப்பன்.

கரை ஏறியதும் ஏரி இறங்கித் தன் இடத்தில் படுத்துக்கொண்டது, முள் தானாகக் கழன்றது. துளசிங்கம் ஓடிப்போய் மடையைத் திறந்தார். கை லேசானதும் தணிகா விழித்தாள்.

"நைனா, என்னுது எங்க?"

"ரொம்பச் சின்னதா இருந்துச்சு கண்ணு. வளரட்டும்னு வுட்டுட்டோம்."

அது நியாயமாகப்படவே அவள் தலையாட்டினாள்.

அந்தப் பட்டத்து அறுவடையில் ஒரு கதிரும் பதராகவில்லை. ஏரி பழைய இடத்திலிருந்து ஒரு கஜம் மேற்கே தள்ளிப் படுத்திருக்கிறது. அதற்குத் தோதாக வாய்க்காலைக் கொஞ்சம் நீட்டி வெட்டிக்கொண்டார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. தணிகா கரையில் நடந்தால் தண்ணீர் ஒரு சாண் அவள் பக்கம் ஏறி வரும். துணி துவைக்கிறவர்கள் வாளியை நகர்த்தி வைத்துக்கொள்வார்கள். காணும் பொங்கலன்று மறுபடி அப்பாவோடு போய், விரல் நீளத்தில் ஒரு கெண்டை பிடித்தாள். நாலு வயதில் கெண்டை பிடித்த பெண் என்று ஊரில் இன்றும் அதைத்தான் அதிசயமாகச் சொல்கிறார்கள்.