இன்னொரு முனை

எரிகூடத்து ஊழியர் இரும்புத் தட்டை வெளியே இழுத்ததும் அனல் முகத்தில் அடித்தது. மசுயோ இப்போது வெள்ளை வெளேரென்ற எலும்புகளாகக் கிடந்தாள். "கால்லேருந்து ஆரம்பிங்க. ரெண்டு ரெண்டு பேரா வாங்க," என்றார் ஊழியர்.

ஹருமி சுவரோரம் நின்றாள். மசுயோவின் முதல் பிள்ளை அவள்தான். கறுத்த நிறத்தையும் சுருட்டை முடியையும் பார்த்தாலே ஜப்பானில் அமெரிக்கக் கடற்படை தங்கும் சசெபோ துறைமுகத்தில் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அவளுடைய அப்பா கறுப்பின மாலுமி; கொரியப் போருக்குப் போன அமெரிக்கக் கப்பலில் ஏறியவர், திரும்பவில்லை. மசுயோ மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. மாலுமிகளின் சீருடைகளை வெளுத்துத் தேய்த்துப் பெண்ணை வளர்த்தாள். பிறகு கப்பல் பட்டறைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு தெத்சுயாவைப் பெற்றாள்.

தெத்சுயாவின் மாமனார் வீட்டார் வெளியூர். இப்படி ஓர் அக்கா இருப்பது அவர்களுக்குத் தெரியக் கூடாதென்றே அவன் கல்யாணத்துக்கு ஹருமியைக் கூப்பிடவில்லை. இன்று காலை மாமனார், "இவங்க யாரு?" என்று கேட்டார். தெத்சுயா ஷூவைப் பார்த்துக்கொண்டே, "அம்மாவோட சலவைக் கடையில வேலை பார்த்தவங்க," என்றான். கடைசி வரை அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

சின்ன வயதில் ஒருநாள் சாப்பிடும்போது, இருவரும் ஒரே முள்ளங்கித் துண்டில் சாப்பாட்டுக் குச்சியை வைத்துவிட்டார்கள். மசுயோ இரண்டு கையிலும் பட்டென்று அடித்தாள். "ரெண்டு பேர் ஒண்ணைப் பிடிக்கிறது எலும்பு எடுக்கறப்ப மட்டுந்தான்." கொஞ்ச நேரம் கழித்து, குண்டுவீச்சில் ஊரோடு எரிந்துபோன தன் அப்பா அம்மாவைப் பற்றிச் சொன்னாள். "எனக்கு எடுக்க ஒரு எலும்புகூடக் கிடைக்கல. என்னோடதை நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுங்க."

தெத்சுயா தன் மனைவி ஃபுமியேயோடு முன்னால் போனான். இருவரும் ஆளுக்கொரு முனையில் குச்சியால் பிடித்து எலும்பைக் கலயத்தில் போட்டார்கள். அடுத்து மாமனாரும் மாமியாரும் போனார்கள். கடைசியில் ஹருமி மட்டும் மிஞ்சினாள்.

"உங்களுக்கு ஜோடி யாரும்மா?"

தெத்சுயா மறுபடியும் ஷூவைப் பார்த்துக் குனிந்துகொண்டான். துறைமுகத்தில் போர்க்கப்பல் ஒன்று ஊதி ஓய்ந்தது.

"சரி, நான் பிடிக்கிறேன்," என்றார் ஊழியர்.

நாளெல்லாம் இஸ்திரி மேசை முன்னால் நின்ற காலின் ஒரு சின்ன எலும்பை, பெயர் தெரியாத மனிதரோடு சேர்ந்து ஹருமி எடுத்தாள். தம்பியை அந்த நிமிஷம் அவள் வெறுத்தாள்.

மதியச் சாப்பாட்டில் அவளுக்குக் கடைக்கோடி இடம். தெத்சுயா வழக்கப்படி ஒவ்வொருவருக்கும் சாக்கே என்ற அரிசி மதுவை ஊற்றிக்கொண்டே வந்தான். எல்லோரும் அவனுக்கும் ஊற்றியிருந்தார்கள், முகம் சிவந்திருந்தது. ஹருமியின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தான். அவள் நிமிரவில்லை. வெந்த முள்ளங்கித் துண்டு ஒன்றைக் குச்சியால் தூக்கினாள்.

அவன் பக்கத்துத் தட்டிலிருந்து குச்சிகளை எடுத்து, அந்தத் துண்டின் இன்னொரு முனையைப் பிடித்தான்.

"என்னங்க பண்றீங்க? சாப்பாட்டுல போய்..." ஃபுமியே பாதி எழுந்துவிட்டாள். மாமனார் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

தெத்சுயா அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

"கெட்டியாப் பிடி அக்கா," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஹருமி விடவில்லை. சாறு சொட்டச் சொட்ட, இருவருமாக அதை ஒரு காலிக் கிண்ணத்தில் மெல்ல இறக்கினார்கள்.