கடைசிச் சக்கரத்தில் காற்று இல்லை

1.

போன வாரம் ஓரான் நகரத்தில் என் காரின் பிரேக் மிதி மெத்தையைப் போல அமுங்கியது. மெக்கானிக் சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு, "பிரேக் லைன்ல ஏர் ஏறியிருக்கு மேடம். மேல உக்காந்து மிதிங்க. அமுக்குன்னா அமுக்கணும், நான் விடுன்னு சொல்றவரைக்கும் காலை எடுக்கக் கூடாது" என்றான். அமுக்கு, பிடி, விடு. நாலாவது தடவை அவன் "பிடி" என்றபோது என் கண் கலங்கிவிட்டது. அவன் பயந்துபோய், "காலு வலிக்குதா?" என்றான்.

கதை அங்கே பிறந்தது. நடந்தது வேறோர் இடத்தில், கபிலியா மலையில், எங்கள் ஊரில், பயணிகளை ஏற்றிச் செல்லும் முக்ரானின் வேனில்.

2.

முதல் தொடக்கம்: "மலைமுகட்டில் பனி விலகிக்கொண்டிருந்த அந்தக் காலையில்..." பனியே இல்லை. அது செர்ரி பறிக்கும் ஜூன் மாதம்.

இரண்டாவது தொடக்கம்: "முக்ரான் ஒரு முரடன். குடித்துவிட்டு வந்து மனைவியை..." இதையும் விட்டுவிட்டேன். அவன் மனைவி வர்தியா வீட்டைவிட்டுப் போவதற்கு ஒரு நியாயம் வேண்டுமே என்று அவனை முரடனாக்கப் பார்த்தேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. யாராவது கிழவி கைகாட்டினால், அவளோடு அவள் ஆட்டையும் ஏற்றிக்கொள்வான்.

ஆகவே உள்ளபடியே சொல்கிறேன். வர்தியாவுக்குக் கடற்கரை நகரமான பெஜாயாவில் ஒரு தையல்கூடத்தில் மேற்பார்வை வேலை கிடைத்தது. அவள் போக விரும்பினாள். முக்ரான் வரமாட்டேன் என்றான். எங்கள் ஊருக்கும் மலைக்குக் கீழே இருக்கும் திஸி ஊஸூ நகரத்துக்கும் நடுவே அவன் வேன் ஒன்றுதான் பனிக்காலத்திலும் ஓடும். பிரசவ வலி எடுத்தவர்களை அதில்தான் மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்குவார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதையை ஒரே மூச்சில் எழுதியிருப்பேன்.

3.

அவள் கிளம்பும் நாள். தையல் மெஷினை வேனுக்குள் ஏற்றிக் கயிற்றால் கட்டியாகிவிட்டது. நான் பக்கத்து வீட்டுக்காரி, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். திஸி ஊஸூவில் இருக்கும் தங்கைக்குக் கொடுக்க ஒரு கூடை செர்ரியோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். முக்ரான் மிதியை அழுத்தினான். கால் தரைவரை போனது.

முந்தின நாள்தான் பின்சக்கரத்துப் பழைய பிரேக் எண்ணெய் ஹோஸை மாற்றியிருந்தான். அப்போது உள்ளே புகுந்த காற்றை எடுக்க விடிந்ததும் மெக்கானிக் வருவதாகப் பேச்சு. அவன் யாரோ மச்சான் கல்யாணத்துக்குப் போய்விட்டான். மற்ற பயணிகள் மலைக்கு மேலே உள்ள ஊரிலிருந்து வந்த இன்னொரு வேனைப் பிடித்து ஏறிக்கொண்டார்கள்.

"நீயும் அதுல போயிடேன்" என்றான் முக்ரான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"மெஷினை யாரு அவுத்துக் கட்டறது?" என்றாள் வர்தியா. பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

(மெஷினை அவிழ்க்கக் கொஞ்ச நேரம்தான் ஆகும். அந்த வேன்காரனும் காத்திருக்கத் தயாராகத்தான் இருந்தான். இதற்கு மேல் இந்த அடைப்புக்குறிக்குள் எழுத மாட்டேன்.)

"தங்கச்சி, நீ இந்த பாட்டிலைப் பிடிச்சுக்க" என்று முக்ரான் என்னைக் கீழே இறக்கி, ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொடுத்தான். அதற்குள் ஒரு ட்யூப்பின் முனை எண்ணெயில் மூழ்கியிருந்தது. மறுமுனை சக்கரத்துக்குப் பின்னால், காற்றை வெளியே விடும் நிப்பிளில். "குமிழி வருதான்னு பார்த்துச் சொல்லு. குமிழி நின்னா காத்து போயிடுச்சுன்னு அர்த்தம்."

ஒரு பிரதியில் நான் என்னையே நீக்கிவிட்டு, பாட்டிலை ஒரு கல்லின் மேல் வைத்தேன். கல் பார்த்ததை யாரும் நம்ப மாட்டார்கள் என்று திரும்பி வந்துவிட்டேன்.

4.

தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். வலது பின்சக்கரம். துருப்பிடித்த நிப்பிள் ஸ்பேனருக்கு அடங்கவில்லை. முக்ரான் அதைத் திட்டினான், கெஞ்சினான், சுத்தியலால் தட்டினான்.

"கல்யாணம் ஆன வருசம் வாங்குன வண்டி" என்றாள் வர்தியா சீட்டிலிருந்து. "அப்பவே அது கிழவி. பொண்ணு பார்க்க வந்தப்போ நாலு பேர் தள்ளிக்கிட்டே வந்தீங்க."

"மூணு பேர். உங்கண்ணன் தள்ளுற மாதிரி நடிச்சான். அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி." பாட்டிலில் குமிழிகள் கொதித்தன. "விடு."

இடது பின்சக்கரம். குமிழிகள் குறைந்தன.

"பெஜாயாவுல உப்புக் காத்து. வண்டி ஒரே வருசத்துல துருப்பிடிச்சிடும்."

"வண்டியையா கூப்பிட்டேன்? உன்னைத்தானே கூப்பிட்டேன், மனுசா."

"பிடி."

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இத்தனை வருசமா."

(எடுப்பான இந்த வசனம் என்னுடையதல்ல, அவளுடையது. நான் எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் பூசி மறைத்திருப்பேன்.)

வலது முன்சக்கரம். கேனிலிருந்து பிரேக் எண்ணெய் டப்பாவை நிரப்பிக்கொண்டே வந்தான்.

கடைசியாக இடது முன்சக்கரம். அது டிரைவர் கதவுக்குக் கீழேயே இருக்கிறது. கதவு திறந்திருந்தது. அவன் குந்தி உட்கார்ந்தபோது, அவள் செருப்புக்கும் அவன் தலைக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை.

அமுக்கு. பிடி. விடு. இரண்டு குமிழிகள். அடுத்த தடவை ஒன்று. அதற்கடுத்த தடவை ஒன்றுமில்லை. தெளிந்த எண்ணெய் மட்டும்.

நான் வாயைத் திறந்தேன். முக்ரானும் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அமுக்கு."

அவள் அமுக்கினாள். மிதி கல்லாகியிருக்க வேண்டும். அது அவள் காலுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. இருந்தும், "முடிஞ்சுதா?" என்று அவள் கேட்கவில்லை.

"பிடி."

பிடித்தாள்.

"விடு."

நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று பேருக்கும் தெரிந்த ஒரு பொய்யைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது அந்த பாட்டில். இப்படியே எத்தனை தடவை போனது என்று எண்ணவில்லை. செர்ரிக் கூடையில் குளவிகள் மொய்க்கத் தொடங்கியிருந்தன.

கடைசியில் அவன் எழுந்து கேனைக் கவிழ்த்தான். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"எண்ணெய் தீர்ந்துபோச்சு" என்றான்.

"அப்போ கிளம்பலாம்" என்றாள் வர்தியா. இறங்கி, முந்தானியால் அவன் கழுத்திலிருந்த எண்ணெயைத் துடைத்தாள்.

[முந்தானி இல்லை. அங்கே பெண்கள் இடுப்பில் கட்டும் கோடு போட்ட துணி. தமிழில் எழுதும்போது கை தானாக முந்தானிக்குப் போய்விடுகிறது.]

5.

இந்த இடத்தில் நிறுத்தி அவளை வீட்டுக்குள் அனுப்பி, காப்பி போட வைக்கலாம். ஒரு முடிவு அப்படித்தான் எழுதினேன். படித்துக் காட்டிய தோழிகள் எல்லோருக்கும் பிடித்தது. இன்னொரு முடிவில், இறக்கத்தின் முதல் வளைவில் அவன் வண்டியைத் திருப்பி...

இல்லை. அவள் போனாள். நான் பின்சீட்டில் இருந்தேன். எல்லா வளைவிலும் பிரேக் மிதித்த இடத்தில் வண்டி நின்றது.

வர்தியா பெஜாயாவில் வேலை பார்த்தாள். முக்ரான் மலையிலேயே இருந்தான். ஒவ்வோர் ஆண்டும் ஒலிவ் அறுவடைக்கு அவள் வருவாள், அதே வீட்டில் தங்குவாள், எண்ணெய் ஆட்டியதும் போய்விடுவாள். இதைப் பிரிவு என்று எழுதினால் ஊர் சிரிக்கும். சேர்ந்திருந்தார்கள் என்று எழுதினாலும் சிரிக்கும். பிறகு வேன் ஓடாமல் போனது. எனக்கும் ஓரானுக்கு மாற்றலாகிவிட்டது.

6.

எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்று திஸி ஊஸூவில் என்னைச் சந்தைப் பக்கம் இறக்கிவிட்டு, முக்ரான் வேனை பஸ் நிலையத்துக்கு எதிரே நிறுத்தினான். இருவரும் இறங்கவில்லை. நான் கூடையோடு நின்று பார்த்தேன். அவன் கைகளை ஆட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அவள் நேராகச் சாலையைப் பார்த்திருந்தாள். திடீரென்று சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, பஸ்ஸில் ஏறிவிட்டாள். மெஷினை அவன்தான் பஸ் கூரைமேல் ஏற்றினான்.

நேற்று அவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அன்னைக்கு அப்படி என்னதான் சொன்னாரு?"

"அடியே, எல்லாத்தையும் எழுதிட்ட. அதையும் நீயே எழுதிக்க வேண்டியதுதானே?" என்றாள்.

எழுதிப் பார்த்தேன். "நீ போனாலும்..." இதற்கு அழுகைதான் வரும். "உங்கண்ணன்கிட்ட சொல்லு..." இதற்கு லேசாகப் புன்னகைக்கலாம். "எண்ணெய் இன்னொரு கேன் இருந்தது..." இதைக் கேட்டால் அவள் இறங்கியே இருக்க மாட்டாள். போகிற பெண்ணைச் சிரிக்க வைத்து, அதே சமயம் தடுக்காமலும் விட்ட ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் யாரையாவது அப்படி அனுப்பிவைத்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இடம் விட்டிருக்கிறேன்.

முக்ரான் சொன்னான்: "                                        "

வர்தியா சிரித்தாள்.