காலைப் புகை

குளிருக்கு விறகு எரிக்கிற கணப்படுப்பு வைத்திருக்கிற வீட்டில் யாரும் முழுசாகத் தூங்கியதில்லை. லியோனாவைக் கேட்டால் சொல்வாள். நவம்பரில் மூட்டினால் ஏப்ரல் வரை அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கைக்குழந்தையாவது வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், ஒருநாள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும். இது வளரவே வளராது. போட்டதைத் தின்றுவிட்டு, விடியும்போது சாம்பலைக் கக்கி, மறுபடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

போடுவதோடு முடிந்ததா? மரத்தை அறுக்க வேண்டும், பிளக்க வேண்டும், அடுக்கிக் கோடை முழுக்கக் காயவிட வேண்டும். காய்ந்ததைக் கொட்டகைக்குள் ஏற்ற வேண்டும். கொட்டகையிலிருந்து தாழ்வாரத்துக்கு, தாழ்வாரத்திலிருந்து அடுப்பங்கரைக்கு. எரிந்து தீர்ந்த பிறகும் விடுகிறதா என்றால் அதுவும் இல்லை, சாம்பலை வாளியில் அள்ளி, வழுக்குகிற பனியில் காலை ஊன்றி ஊன்றிப் போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். கணவன் ரோசேர் இருந்தவரை பாதி வேலை அவன் தலையில். அவன் போன பிறகு மொத்தமும் இவள் தோளில். எழுபதைத் தாண்டிய அந்தத் தோள் சில நாட்களாக ரவிக்கைப் பித்தான் போடக்கூட மேலே வர மாட்டேன் என்கிறது.

அதைப் பார்த்துத்தான் மகள் ஜினெட் இலையுதிர் காலத்தில் போர்ட்லண்ட் நகரத்திலிருந்து ஆளை அனுப்பிச் சுவரில் ஒரு மெஷினை மாட்டிவிட்டாள். வெள்ளையாக, நீளமாக, அலமாரி மாதிரி ஒன்று. மின்சாரத்தில் ஓடிச் சூடான காற்றை ஊதும்.

"அம்மா, இனிமே நீ அந்த அடுப்புகிட்ட போகவே வேண்டாம். பட்டனை அமுக்கினா போதும்."

"கரண்டு போச்சுன்னா?"

"போனா அடுப்பை மூட்டிக்கோ. போகாதப்ப எதுக்கும்மா அதோட மல்லுக்கட்டறே? அப்புறம் ராத்திரியில கதவைப் பூட்டு. தனியா இருக்கே."

லியோனாவுக்கு அந்த வெள்ளை அலமாரி மேல் நம்பிக்கை வரவில்லை. நெருப்பு கண்ணுக்குத் தெரியாத சூடு என்ன சூடு? டிசம்பர் முழுக்க இரண்டையும் ஓட்டினாள். வீடு தகித்தது, ஜன்னலைத் திறந்து வைத்தாள். வெளியே ஆறு உறைந்து கிடக்க, உள்ளே ஒருத்தி கையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள்வலி மட்டும் குறையவே இல்லை.

அமெரிக்காவின் ஒரு கோடியில், வடக்கு மெய்னில், அந்த ஆற்றங்கரையில் வீடுகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். நடுவில் உருளைக்கிழங்கு வயல், அதன்மேல் இடுப்பளவு பனி. காலையில் எழுந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது பக்கத்து வீட்டுப் புகைபோக்கியை. புகை வந்தால் அந்த வீட்டில் ஆள் எழுந்தாயிற்று, உயிரோடு இருக்கிறது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, வானத்தைப் பார்ப்பது போல ஒரு பார்வை, அவ்வளவுதான். லியோனா பார்ப்பது பக்கத்து வீட்டுக் கிழவன் அல்சீடின் புகைபோக்கியை. வயலுக்கு அந்தப் பக்கம் அது ஒன்றுதான் இருந்தது.

பாசத்தால் பார்த்தாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அல்சீடும் அவளும் பேசிப் பல வருஷம் ஆகிறது. ரோசேரைப் புதைத்த மறுவாரம் அந்த ஆள் ஒரு வண்டி நிறைய விறகு கொண்டுவந்து அவள் முற்றத்தில் கொட்டினான். செத்தவன் வீட்டுக்கு விறகு கொடுப்பதென்றால் என்ன அர்த்தம்? புருஷன் பெண்டாட்டியைக் குளிரில் விட்டுவிட்டுப் போனான் என்று ஊருக்குத் தண்டோரா போடுவதுதானே? கொட்டகைக்குப் பின்னால் ரோசேர் அறுத்துப் போட்ட மேப்பிள் மர முண்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அதோடு, கொடுத்ததுதான் கொடுத்தான், நல்ல மரமாவது கொடுத்தானா? அத்தனையும் பாப்ளர். பாப்ளர் அங்கே விறகுக் கணக்கிலேயே சேராது. காகிதமாக எரிந்து போகும், சூடு நிற்காது, கதியில்லாதவர்கள் வீட்டில்தான் எரியும். லியோனா அந்த வண்டி விறகையும் கட்டை கட்டையாகத் தூக்கி அவன் எல்லைக்குள் எறிந்தாள். அவன் தன் எல்லையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்றோடு பேச்சு நின்றது. மாதா கோயிலில் எதிரெதிரே வந்தால்கூட ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

ஆனாலும் தினமும் காலையில் அவன் புகையைப் பார்த்துவிடுவாள். ஒரு தடவை புகை வரத் தாமதமாகி, பனிக்காலணியை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்தேவிட்டாள். அதற்குள் மெலிசாக ஒரு கோடு எழும்பியது. "கிழம் இன்னும் இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டுக் காலணியைக் கழற்றி எறிந்தாள்.

ஜனவரியில் ஒரு காலை வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்தது. தோள் விண்விண்ணென்று தெறித்தது. எழுந்து காலைத் தரையில் வைத்தாள். தரை சில்லிடவில்லை. சுவரில் மெஷின் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. நான் எதற்காக எழுந்திருக்கிறேன் என்று லியோனா தன்னைத்தானே கேட்டாள். காலை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அடேயப்பா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குளிர்காலத்தில் இப்படி ஒரு காலை அவளுக்கு வாய்த்ததே இல்லை.

எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று தெரியாது. தடால் என்று சத்தம். மரம் பிளக்கிற சத்தம். எழுந்து உட்காருவதற்குள் அடுப்பங்கரைக் கதவு சட்டத்தோடு பிய்ந்து உள்ளே விழுந்தது. படுக்கையறை வாசலில், தொடைவரை பனி அப்பிக்கொண்டு, கையில் கோடாலியோடு அல்சீட் நின்றான். மூச்சு வாங்கியது. முகம் வெளுத்திருந்தது.

"சாகலையா நீ?" என்றான்.

"கோடாலியோட வந்து நிக்கிறியே, இனிமே செத்தாத்தான் உண்டு! என் கதவை ஏன்டா ஒடைச்ச?"

"பூட்டியிருந்தா வேற எப்படி வர்றது? இந்த ஊர்ல எவ கதவைப் பூட்டறா?"

"எதுக்கு வரணும்ங்கறேன்!"

"புகை வரலியே!" அவன் கத்தினான். "மணி எட்டாச்சு, ஒன்பதாச்சு, ஒரு இணுக்குப் புகை இல்ல. கட்டையைத் தூக்கும்போது விழுந்துட்டியோ, மாரைப் புடிச்சுட்டுக் கெடக்கறியோன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். கண் சுவரில் மாட்டியிருந்த வெள்ளை மெஷினில் போய் நின்றது. அது மெல்ல ஊதிக்கொண்டிருந்தது.

"ஓகோ," என்றான். "மகாராணிக்கு மெஷின் வந்தாச்சு. ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?"

"உன்கிட்டயா? பேசறோமா நாம?"

அல்சீட் அடுப்பங்கரைக்குத் திரும்பினான். விழுந்த கதவைத் தூக்கி நிறுத்திப் பார்த்தான், நிற்கவில்லை, சுவரில் சாய்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டான். முழங்கால் மடங்காமல் ஒரு காலை இழுத்து இழுத்து வயலில் நடந்தான். கோடாலியை அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டான்.

கதவில்லாத வீட்டில் எந்த மெஷின் ஊதி என்ன செய்யும்? லியோனா கம்பளியை ஆணியடித்து வாசலை மூடினாள். ஆத்திரம் தலைக்கேறியது. வாழ்நாளில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் அக்கடா என்று படுத்தால் அதற்கும் ஒருத்தன் கோடாலியோடு வருகிறானா? கோட்டை மாட்டிக்கொண்டு, கோடாலியைத் தூக்கிக்கொண்டு, அவன் உழக்கிப் போட்ட தடத்திலேயே வயலைத் தாண்டினாள். கதவைச் சரிசெய்து கொடுக்காமல் விடுவதில்லை.

அவன் கதவு பூட்டியிருக்கவில்லை. தட்டாமலே உள்ளே போனாள். அடுப்பங்கரை கதகதப்பாக இருந்தது. அல்சீட் முழங்காலில் சூட்டுப்பையை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தான். வந்த குளிருக்கு லியோனா பழக்கத்தில் நேரே கணப்படுப்புப் பக்கம் போய் இரண்டு கையையும் அதன்மேல் வைத்தாள்.

இரும்பு ஜில்லென்று இருந்தது.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் தரைக்குக் கீழே நிலவறையிலிருந்து ஒரு உறுமல் அவள் காதில் விழுந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் விறகுப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் கூடை. அதில் கொஞ்சம் பிர்ச் மரப்பட்டை, விரல் தடிமனில் சுள்ளி, ஒரு பிடி ஈர வைக்கோல். அந்தக் கூடையிலிருப்பதை வைத்து ஒரு பூனைகூடக் குளிர்காய முடியாது.

"கீழ என்ன சத்தம்?"

"பாய்லர்," என்றான் அல்சீட், அவளைப் பார்க்காமல். "ஆயில்ல ஓடறது. பையன் வந்து வெச்சுட்டுப் போனான். முட்டி போனப்புறம் விறகு தூக்க முடியல."

"எப்ப வெச்சான்?"

"போன குளிருக்கு முந்தின குளிர்ல."

"அப்ப தினம் காலையில வர்ற புகை?"

அல்சீட் சூட்டுப்பையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். "பட்டையைக் கொளுத்தி ரெண்டு சுள்ளி போட்டா புடிச்சுக்கும். வைக்கோல் ஈரமா இருந்தா நல்லா வெள்ளையாப் போகும். கால் மணி நேர வேலை."

"எதுக்குடா இந்தக் கூத்து?"

"புகை வரலேன்னா நீ வந்து நிப்ப. காலங்காத்தால உன் மூஞ்சியைப் பாக்கணுமேன்னு பயம்." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "வராமப் போயிட்டேன்னா? அது அதைவிடப் பயமா இருந்துச்சு. அதான் விஷப்பரீட்சையே வேண்டாம்னு."

லியோனா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கோடாலி மடியில் கிடந்தது. அவன் எழுந்து நொண்டிக்கொண்டே போய்க் காப்பி ஊற்றிவந்து வைத்தான். காலையில் சுட்டு மீந்த கோதுமைநிறத் தோசை போன்ற ப்ளோய் இரண்டை வெண்ணெய் தடவித் தட்டில் வைத்தான்.

"இனிமே விளக்குப் போட்டுடறேன்," என்றாள் அவள். "எழுந்ததும் வாசல் விளக்கைப் போடறேன். நீயும் போடு. புகையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்."

"விளக்கைப் போட்டுட்டு நீ செத்துப்போனா அது பாட்டுக்கு எரிஞ்சுட்டுத்தானே இருக்கும்? வாரம் முழுக்க எரியும். நான் இங்க உட்கார்ந்து, ஆகா, லியோனா நல்லாத்தான் இருக்கான்னு காப்பி குடிச்சுட்டு இருப்பேன். நெருப்பு அப்படி இல்ல. ஆள் இல்லேன்னா அணைஞ்சுடும்."

லியோனா ப்ளோயைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டாள். தின்று முடித்ததும் கேட்டாள்.

"அந்தப் பாப்ளரை எதுக்குக் கொண்டுவந்து கொட்டின? சொல்லு. என் புருஷனை அவமானப்படுத்தத்தானே?"

"ரோசேரையா? அவன் போட்டுட்டுப் போனது அத்தனையும் பிளக்காத முண்டு. மேப்பிள் முண்டு. நீ கோடாலியைத் தூக்கறதை இந்த ஜன்னல்ல இருந்து பாத்தேன். தூக்கற, கீழ வெக்கற, மறுபடி தூக்கற. பாப்ளர்னா மேல கோடாலியை வெச்சாலே வாயைத் திறந்துக்கும். உன் கைக்குத் தோதா இருக்கட்டும்னு தேடித் தேடி வெட்டினேன். நீ தூக்கி மூஞ்சியில எறிஞ்ச."

"சொல்றதுக்கென்ன அன்னிக்கே?"

"நீ எறிஞ்சுட்டிருந்தப்ப எங்க பேசறது? தலைக்குத் தப்பினதே பெரிசு."

லியோனாவுக்கு அழுகை வந்துவிட்டது. துக்கம் கொஞ்சம், வெட்கம் கொஞ்சம், மீதி முழுக்க அசதி. பிளந்தது, தூக்கியது, அடுக்கியது எல்லாம் சேர்ந்து கண்ணில் வந்து நின்றது. இத்தனை வருஷமும் தனியாகத் தூக்கினோம் என்று நினைத்துத்தானே தூக்கினாள்? ஒருத்தன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அல்சீட் அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினான். அந்த வயதில் அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

மத்தியானம் அவன் வந்து கதவுக்குப் பலகை வைத்து அடித்துக் கொடுத்தான். கோணலாகத்தான் நின்றது. போகும்போது தாழ்வாரத்தில் ஒரு கட்டு விறகை வைத்துவிட்டுப் போனான். விரல் தடிமனில் பிளந்த பாப்ளர். இந்தத் தடவை லியோனா எறியவில்லை.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்தது. தோள் விண்விண்ணென்றது. வீடு கதகதப்பாக இருந்தது, மெஷின் முனகியது, போர்வைக்குள் சொர்க்கமாக இருந்தது. "பாழாய்ப்போன மனுஷா" என்று வாய்விட்டுத் திட்டினாள். திட்டிக்கொண்டே எழுந்தாள். ரோசேரின் கம்பளிக் காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய், பட்டையைக் கொளுத்தி, நாலு பாப்ளர் சுள்ளியைப் போட்டாள். எடையே இல்லாத மரம், தோளுக்குத் தெரியக்கூட இல்லை. சடசடவென்று பற்றிக்கொண்டது.

ஜன்னலுக்கு வந்து நின்றாள். வயல் வெள்ளையாகக் கிடந்தது. அல்சீடின் புகைபோக்கி சும்மா இருந்தது. அவள் கண் எடுக்கவில்லை. கை தானாகவே கோட்டைத் தேடியது. ஒரு கையை நுழைத்துவிட்டாள், தோள் தகராறு பண்ணியதால் இன்னொரு கை நுழையவில்லை. அப்போதுதான் அங்கே வெள்ளையாக ஒரு கோடு எழும்பியது, ஈர வைக்கோல் புகை, நல்ல வெள்ளை.

"சரி, இருக்கான்," என்றாள். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.